கதவைக் கேட்டுவிட்டு கிராஸ்ஓவர் வையுங்கள்

காரில் புதிதாக சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) மாட்டியவர் கேட்கும் முதல் கேள்வி, "கிராஸ்ஓவர் எத்தனையில வைக்கணும்?" என்பதுதான். சப்புக்கும் கதவு ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கோடுதான் கிராஸ்ஓவர். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: 80 ஹெர்ட்ஸ். சப்புக்கு லோ-பாஸ் (எண்ணுக்குக் கீழே உள்ளதை விடுவது) 80, கதவு ஸ்பீக்கருக்கு ஹை-பாஸ் (எண்ணுக்கு மேலே உள்ளதை விடுவது) 80, முடிந்தது கதை. அந்தப் பதில் தப்பு என்று சொல்ல மாட்டேன். காரைப் பற்றி எதுவும் தெரியாதபோது தொடங்குவதற்கு அதைவிட நல்ல எண் கிடையாது. ஆனால் தொடங்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறோம். சப் தனியாக அடிக்கும், கதவு தனியாகப் பாடும், நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை நிரப்ப சப்பின் கெயினை (சத்த அளவை) ஏற்றித் திருகுவோம். பாஸ் டிக்கியிலிருந்து கிளம்பி முதுகில் குத்தும். கடைசியில் "சப் சரியில்லை, இன்னும் பெருசா வாங்கணும்" என்று முடிவு கட்டுவோம்.

இந்த 80 பிரபலமானது ஹோம் தியேட்டர் வழியாக. டாம்லின்சன் ஹோல்மன் லூகாஸ்ஃபில்மில் இருந்தபோது உருவாக்கிய டிஎச்எக்ஸ் தரம், வீட்டு அமைப்புகளுக்கு 80 ஹெர்ட்ஸை வைத்தது. அதற்குக் காரணம் உண்டு. அந்த இடத்துக்குக் கீழே போகப் போக, ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் பிரித்துச் சொல்வது கஷ்டமாகிவிடும். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4.3 மீட்டர், இரண்டு காதுக்கும் நடுவே இருக்கிற ஒரு சாண் தூரத்தில் அந்த அலை பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. சரிதான். ஆனால் அந்தக் கணக்கு, ஒழுங்கான பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஸ்பீக்கர்கள், அறையின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆள் என்ற ஏற்பாட்டுக்கானது. காரில் மிட்பாஸுக்கு, அதாவது கதவு ஸ்பீக்கருக்கு, பெட்டியே கிடையாது. ஓட்டை நிறைந்த ஒரு தகரக் கதவுதான் பெட்டி. கேட்பவரும் நடுவில் இல்லை, ஒரு கதவுக்கு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்.

என் கட்சி இதுதான்: எண்ணை முடிவு செய்ய வேண்டியது கதவு. கதவில் இருக்கிற ஸ்பீக்கர் எவ்வளவு கீழே இறங்கி வர முடியுமோ அங்கே கோட்டைப் போட்டுவிட்டு, சப்பை அந்தக் கோட்டுக்கு வரச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். சப்பின் பெட்டியையும் வாட்ஸையும் பார்த்து எண் வைத்துவிட்டு, கதவு எப்படியாவது சமாளிக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

கதவால் ஏன் சமாளிக்க முடியாது? ஒரே அளவு சத்தம் வேண்டுமென்றால், ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸுக்கு, இறங்கும்போது கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் அசைந்த கோன், அதே சத்தத்தை 40 ஹெர்ட்ஸில் தர 8 மில்லிமீட்டர் அசைய வேண்டும். சாதாரண ஆறரை இஞ்ச் மிட்பாஸால் ஒரு பக்கமாக 3 முதல் 6 மில்லிமீட்டர்தான் ஒழுங்காகப் போக முடியும். அதற்கு மேல் கோனை அசைக்கும் கம்பிச் சுருள் காந்தப் புலத்தை விட்டு வெளியே வரத் தொடங்கும், ஒலி கசங்கும். பன்னிரண்டு இஞ்ச் சப்பின் கோன் பரப்பு இதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு, அதனால் அது அலட்டிக்கொள்ளாமல் செய்கிற வேலையை ஆறரை இஞ்ச் நாக்குத் தள்ளிக்கொண்டு செய்யும். ஹை-பாஸ் போடுவதால் மிட்பாஸுக்குக் கிடைக்கிற பெரிய லாபம் இந்த நிம்மதிதான். அடிப்பகுதியைப் பிடுங்கிக்கொண்டால், அதே ஸ்பீக்கர் இன்னும் சத்தமாகவும் தெளிவாகவும் பாடும், ஆண் குரல்கூட சுத்தமாகிவிடும்.

கிராஸ்ஓவர் என்பது சுவர் இல்லை, சரிவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹை-பாஸை 80-ல் 12 டெசிபல் ஸ்லோப்பில் (ஆக்டேவுக்கு 12 டெசிபல் குறையும் சரிவில்) வைத்தால் 40 ஹெர்ட்ஸ் ஒலி பதினாறில் ஒரு பங்கு சக்தியோடு கதவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். 24 டெசிபலில் வைத்தால் 256-ல் ஒரு பங்கு. கதவில் இருப்பது சின்ன ஸ்பீக்கர் என்றால் 24 இருக்கும்போது 12-ஐத் தொடக்கூட வேண்டாம்.

சரி, கதவு எவ்வளவு தாங்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்பீக்கரோடு வந்த தாளில் ஒரு எண் இருக்கும், 45 ஹெர்ட்ஸ் முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை என்பதுபோல. அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுங்கள். கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தால் புரியும்: உள் தகரத்தில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய பெரிய ஓட்டைகள், அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள், உள்ளே கண்ணாடி ஏறி இறங்கும் மெஷின், பூட்டுக் கம்பி, தொங்குகிற வயர். கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றுக்கொன்று எதிர். பின்பக்கத்து அலை அந்த ஓட்டை வழியே வெளியே வந்து முன்பக்கத்து அலையோடு கலந்தால் இரண்டும் சேர்ந்து பூஜ்யத்தை நோக்கிப் போகும், அதுவும் சரியாக நமக்கு வேண்டிய மிட்பாஸ் பகுதியில். அந்த ஓட்டைகளைக் கெட்டியான தகடோ ஷீட்டோ வைத்து அடைத்து, வெளித் தகரத்தில் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டி, ஸ்பீக்கரை அசையாத வளையத்தில் இறுக்கினால், ஸ்பீக்கரை மாற்றியதுபோல வித்தியாசம் தெரியும். மிகைப்படுத்தவில்லை. புது ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்குவதற்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சத்தைக் கதவுக்குச் செலவழிக்கச் சொல்லித்தான் எல்லோரிடமும் வாதாடிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை.

அப்புறம் சோதனை. சப்பை ஆஃப் செய்துவிட்டு, ஹை-பாஸை 50-க்கு இறக்கி, ஒரே ஒரு கதவை மட்டும் ஓடவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கிற சத்தத்தைவிடக் கொஞ்சம் கூட்டி, 200 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கும் ஸ்வீப் டோன் ஒன்றை ஓடவிடுங்கள். உள்ளங்கையைக் கதவு அட்டையின் மேல் விரித்து வையுங்கள். 150, 120 வரை கையில் ஒரே சீரான அதிர்வு இருக்கும். எங்கேயாவது ஒரு இடத்தில் திடீரென்று ஏதோ கடகடக்கும், அது பூட்டுக் கம்பியோ வயரோ. குறித்துவைத்துக்கொண்டு பிறகு கட்டிவிடலாம். இன்னும் கீழே போகும்போது, 80-ஐ ஒட்டியோ 70-ஐ ஒட்டியோ, ஒலியின் குணம் மாறும். சுத்தமான ஊம் என்ற ஒலி கரகரப்பாகி, தொண்டை கட்டினதுபோல ஆகும். அடிப்படை ஒலி குறைந்து அதன் மடங்குகள் கேட்கத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, பத்துப் பதினைந்து ஹெர்ட்ஸ் மேலே, ஹை-பாஸை வையுங்கள். நன்றாக அடைத்த கதவில் ஆறரை இஞ்ச் என்றால் 70-லிருந்து 90-க்குள் எங்காவது வரும். ஐந்தேகால் இஞ்ச் என்றால் 100-ஐத் தொடும். எட்டு இஞ்ச் வைத்திருக்கிறவர்கள் 55, 60 வரை இறங்கலாம், அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவையே இல்லை.

இப்போது சப். சப்பின் லோ-பாஸும் அதே எண்ணில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சொல்லப்போனால் காரில் பல நேரம் அதைவிடக் கீழே வைத்தால்தான் சரியாக வரும். காரணம் காரின் கேபின். கேபினின் நீளம் 2.7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 63 ஹெர்ட்ஸில் பாதி அலைநீளம் அதற்குச் சமமாகிறது. அதற்குக் கீழே ஒலி அலையாகப் பரவுவதை விட்டுவிட்டு, மொத்த கேபினின் காற்றையும் சேர்த்து அமுக்கி விரிக்கத் தொடங்கும். கணக்குப்படி ஆக்டேவுக்கு 12 டெசிபல் வரை இலவசமாக ஏறும். நிஜத்தில் கண்ணாடியும் கூரையும் அசைந்துகொடுப்பதால் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் நிறையவே கிடைக்கும். மூடிய பெட்டியில் இருக்கும் சப் அதே 12 டெசிபல் சரிவில் கீழே விழுவதால், அந்த ஏற்றமும் இந்தச் சரிவும் கிட்டத்தட்டச் சமன் ஆகிவிடும். காரில் சின்ன மூடிய பெட்டிகூட 30 ஹெர்ட்ஸில் நெஞ்சைத் தொடுவது இதனால்தான். ஆனால் இந்த ஏற்றம் தொடங்கும் 60, 70 பகுதியிலேயே சப்பும் கதவும் சேர்ந்து வாசித்தால் அங்கே ஒரு மேடு உருவாகி, எல்லாப் பாட்டிலும் ஒரே பாஸ் நோட்டு மட்டும் குதிக்கும். லோ-பாஸ் 63, ஹை-பாஸ் 80 என்று நடுவே இடைவெளி விட்டு வைத்தால் காதுக்கு அந்த இடைவெளி தெரியாது, கேபின் நிரப்பிவிடும். டயலில் இருக்கும் எண்கள் மின்சாரத்துக்கு. காதுக்கு வந்து சேரும் ஒலி வேறு.

அந்த வேறுபாட்டை யாரும் கவனிக்காத ஒரு இடம் சப்பின் கெயின். சப்பை ஏற்றினால் பாஸ் கூடும், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். கிராஸ்ஓவரும் சேர்ந்து நகரும். இரண்டு பக்கமும் 80-ல், 24 டெசிபல் ஸ்லோப்பில் வைத்து, சப்பை மட்டும் 10 டெசிபல் தூக்கினால், இரண்டும் சமமாகச் சந்திக்கிற இடம் 80 இல்லை, 107 ஹெர்ட்ஸ். அதே காரியத்தை 12 டெசிபல் ஸ்லோப்பில் செய்தால் 142-க்கே போய்விடும். 142 ஹெர்ட்ஸில் ஒலி எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியும். பாடகரின் கனத்த குரலில் பாதி டேஷ்போர்டிலும் பாதி டிக்கியிலும் நிற்கும். பாஸ் அதிகமாகப் பிடிக்கும் என்றால் தாராளமாகத் தூக்குங்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் தூக்குகிற அளவுக்கு லோ-பாஸைக் கீழே இறக்கவும் வேண்டும். 10 டெசிபல் தூக்கினால் 60-ஐச் சுற்றி இறக்குங்கள், சந்திப்பு பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

பாஸ் பின்னாலிருந்து வருகிறது என்று புகார் சொல்கிறவர்கள் லோ-பாஸைக் குறை சொல்வதற்கு முன் டிக்கியை ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். நம்பர் பிளேட் நடுங்கும் சத்தம், டிக்கி மூடியின் பிளாஸ்டிக் கிளிப் அடிக்கும் சத்தம், பெட்டியின் துளையில் காற்று ஊதும் சத்தம், இதெல்லாம் 80-க்கு ரொம்ப மேலே இருக்கிற ஒலிகள். காது அவற்றைப் பிடித்துக்கொண்டு, மொத்த பாஸும் அங்கிருந்துதான் வருகிறது என்று முடிவு செய்துவிடும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் நான்கு ஃபோம் துண்டு ஒட்டினதில் சப் முன்னால் வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். இருக்கைக்கு அடியில் வைக்கிற சின்ன சப்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவை ஏற்கெனவே முன்னால் இருப்பதால் 100 வரை ஏற்றினாலும் உறுத்தாது.

இனி வருவதுதான் விஷயமே. ஹெர்ட்ஸ், ஸ்லோப் எல்லாம் கச்சிதமாக வைத்த பிறகும் மிட்பாஸ் செத்துக்கிடந்தால், பெரும்பாலும் குற்றவாளி ஃபேஸ். சந்திக்கிற இடத்தில் சப்பும் மிட்பாஸும் ஒரே ஒலியைச் சேர்ந்து வாசிக்கின்றன. ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால், சேர்ந்து வர வேண்டிய ஒலி காணாமல் போகும். இரண்டு பேர் கட்டில் தூக்குவதுபோலத்தான், ஒருவர் தூக்கும்போது மற்றவர் இறக்கினால் எவ்வளவு பலசாலியாக இருந்தும் என்ன பயன்.

தூரத்தை வைத்து ஒரு கணக்குப் போடலாம். டிக்கியில் இருக்கும் சப்பிலிருந்து காதுக்கு 1.8 மீட்டர், பக்கத்துக் கதவிலிருந்து 0.9 மீட்டர் என்றால் வித்தியாசம் 0.9 மீட்டர். ஒலி அதைக் கடக்க 2.6 மில்லிசெகண்ட். 80 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 12.5 மில்லிசெகண்ட் என்பதால், 2.6 என்பது 75 டிகிரி. எதிரும் புதிருமாகவும் இல்லை, சேர்ந்தும் இல்லை, ரெண்டுங்கெட்டான். டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) இருந்தால் பக்கத்துக் கதவை 2.6 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தலாம், வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. லோ-பாஸ், ஹை-பாஸ் ஃபில்டர்களும் தம் பங்குக்குத் தாமதம் சேர்க்கின்றன. 80 ஹெர்ட்ஸில் வைத்த 24 டெசிபல் லோ-பாஸ், அதன் கீழ்ப்பகுதியில் ஐந்தரை மில்லிசெகண்டுக்கு மேல் ஒலியைப் பிடித்துவைக்கிறது. சப்பைக் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் பின்னால் தள்ளிவைத்ததற்குச் சமம். கதவின் ஹை-பாஸும் அதே வகை, அதே எண், அதே ஸ்லோப் என்றால் சந்திக்கும் இடத்தில் இரண்டும் ஒத்துப்போகும். நாம்தான் 63-ம் 80-ம் வைத்திருக்கிறோமே. போதாததற்குப் பெட்டிக்கும் கதவுக்கும் சொந்தமாக ஒரு சரிவு உண்டு. அதனால் டேப் வைத்து அளந்த எண் தொடக்கத்துக்கு மட்டும்தான்.

ஃபில்டர் வகையைப் பற்றி ரெண்டு வார்த்தை. ஹியூலெட்-பேக்கார்டில் பொறியாளர்களாக இருந்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி இருவரின் பெயரில் 1976-லிருந்து வழங்குகிற லிங்க்விட்ஸ்-ரைலி ஃபில்டர், சந்திக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் 6 டெசிபல் குறைந்து, சேரும்போது சமதளமாகும்படி அமைந்தது. அதன் 24 டெசிபல் வடிவத்தில் இரண்டு பக்கமும் ஒரே ஃபேஸில் இருக்கும். பட்டர்வொர்த் என்று போட்டிருக்கும் ஃபில்டர் 3 டெசிபல்தான் குறையும். 12 டெசிபல் ஸ்லோப்பில் எந்த வகையாக இருந்தாலும் இரண்டு பக்கமும் 180 டிகிரி எதிரெதிராக நிற்கும். சப்பின் பிளஸ் மைனஸைத் தலைகீழாக மாற்றினால்தான் சேரும். வயரைச் சரியாகக் கொடுத்தும் பாஸ் வரவில்லை, தப்பாகக் கொடுத்ததும் வந்துவிட்டது என்று குழம்புகிறவர்களுக்குப் பல நேரம் இதுதான் விடை. தப்பாகக் கொடுக்கவில்லை, அந்த ஸ்லோப்புக்கு அதுதான் சரி.

காதாலேயே ஃபேஸைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. நான் எல்லாவற்றையும் விட இதைத்தான் நம்புகிறேன். ஒரு கதவும் சப்பும் மட்டும் ஓடட்டும். 60-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ள இரைச்சலை ஓடவிடுங்கள்; ஒற்றை டோனைவிட இது நல்லது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். தனித்தனியாகக் கேட்டு இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது சப்பின் போலாரிட்டியை (பிளஸ் மைனஸை) வேண்டுமென்றே தலைகீழாக்குங்கள். கதவின் தாமதத்தை டேப் சொன்ன எண்ணில் தொடங்கி, கால் மில்லிசெகண்ட் கால் மில்லிசெகண்டாக நகர்த்துங்கள். சத்தம் குறைந்துகொண்டே வந்து, ஒரு இடத்தில் பாஸ் அப்படியே உள்வாங்கிப் போகும். இரண்டு ஸ்பீக்கரும் அசைந்துகொண்டிருக்கும், கையை வைத்தால் தெரியும், ஆனால் காதில் ஒன்றும் இருக்காது. அந்த இடத்தைத் தாண்டினால் மறுபடி ஏறும். ஆழமான அந்தப் புள்ளியில் நிறுத்திவிட்டு, போலாரிட்டியைத் திருப்பிப் பழையபடி வையுங்கள். கேட்டதுமே சிரிப்பு வரும். மேட்டைத் தேடினால் எது உச்சி என்று காதால் சொல்ல முடியாது, ஒரு மில்லிசெகண்ட் முன்னே பின்னே எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்; பள்ளம் கூர்மையாக இருப்பதால் அது தப்பாது. ஒற்றை டோன் வேண்டாம் என்றதற்குக் காரணம், 12.5 மில்லிசெகண்ட் தள்ளி, அதாவது ஒரு முழுச் சுழற்சி தள்ளியும் அதே பள்ளம் வரும். அங்கே நிறுத்திவிட்டால் டோனுக்குச் சரியாகவும் டிரம்முக்குத் தப்பாகவும் இருக்கும். அதே காரியத்தை மற்றக் கதவுக்கும் செய்துவிட்டு, கடைசியில் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

டிஎஸ்பி இல்லையா? கவலை வேண்டாம், ஆம்பில் 0/180 என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், இல்லாவிட்டால் சப்பின் வயரை மாற்றிக் கொடுங்கள். இரண்டில் எதில் சந்திப்புப் பகுதி சத்தமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் 90 டிகிரிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறீர்கள். லோ-பாஸைப் பத்து ஹெர்ட்ஸ் கீழோ மேலோ தள்ளிவிட்டு மறுபடி பாருங்கள். சப் பெட்டியைத் திருப்பி வைப்பதும் இதே வேலையைச் செய்யும்.

ஆம்பில் இருக்கும் டயலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 50-லிருந்து 250 வரை மொத்தமும் ஒரு சின்னத் திருகாணி சுற்றுகிற இடத்துக்குள் இருக்கும். 80 என்று அச்சடித்த இடம் 65-ஆகவும் இருக்கலாம், 100-ஆகவும் இருக்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, லோ-பாஸ் என்றால் 30 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு 10 வோல்ட் வருமாறு வால்யூமை வையுங்கள். அப்புறம் டோனை ஏற்றிக்கொண்டே போனால் எங்கே 7.07 வோல்ட்டுக்கு இறங்குகிறதோ அதுதான் பட்டர்வொர்த் ஃபில்டரின் நிஜமான எண். லிங்க்விட்ஸ்-ரைலி என்றால் 5 வோல்ட்டில் பாருங்கள். சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டுவது) ஆனில் இருந்தால் 30-ல் எடுக்கும் அளவே தப்பாக வரும், அதை ஆஃப் செய்துவிட்டு அளக்கவும். துளை வைத்த பெட்டி என்றால் அளந்து முடித்ததும் அதை மறக்காமல் ஆன் செய்யவும். பெட்டியின் ட்யூனிங்குக்கு, அதாவது துளை ஒத்திசையும் ஹெர்ட்ஸுக்கு, கீழே கோனைப் பிடித்துவைக்க உள்ளே காற்றழுத்தம் இருக்காது, கட்டவிழ்ந்த மாடுபோல ஓடும்.

இன்னொன்று, ஹெட் யூனிட்டிலும் (டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) ஃபில்டர், ஆம்பிலும் ஃபில்டர். இரண்டும் ஆனில் இருந்தால் ஸ்லோப் கூடிவிடும். இதில் ஒரு வேடிக்கை, இரண்டுமே 12 டெசிபல் பட்டர்வொர்த், இரண்டுமே துல்லியமாக 80 என்றால், அடுக்கி வரும் விளைவு அச்சு அசலாக 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலிதான். தெரிந்து செய்தால் இது தந்திரம். தெரியாமல் ஹெட் யூனிட்டில் 80-ம் ஆம்பில் 50-ம் இருந்துவிட்டால், பாஸ் ஏன் மெலிந்துபோனது என்று வாரக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஃபுல் என்ற இடத்துக்குத் தள்ளிவிடுவதே நல்லது. ஆம்ப் இல்லாமல் கதவு ஸ்பீக்கரின் வயரில் ஒரு கெப்பாசிட்டரைப் போட்டு பாஸைத் தடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 4 ஓம் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்கே 400 மைக்ரோஃபாரட் வேண்டும், கிடைப்பதும் 6 டெசிபல் சரிவு மட்டுமே, அதுவும் அந்தப் பகுதியில் ஸ்பீக்கரின் ஓம் 4-ல் நிற்காமல் எகிறுவதால் கணக்கு பொய்த்துவிடும்.

மைக் வைத்து அளக்கலாமா? அளக்கலாம், அளக்கவும் வேண்டும். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற அளவை மென்பொருள் இலவசம், யூஎஸ்பி அளவை மைக் ஒன்று இருந்தால் போதும். போனில் இருக்கும் மைக் பேச்சுக்காகச் செய்தது, கீழ்ப்பகுதியில் அதை நம்ப முடியாது. தலை இருக்கும் இடத்தைச் சுற்றி மைக்கை மெதுவாக அசைத்துக்கொண்டே சராசரி எடுங்கள், ஒரே புள்ளியில் எடுத்த வரைபடம் அந்தப் புள்ளிக்கு மட்டும்தான் செல்லும். வரைபடத்தில் 80-லோ 90-லோ ஒரு பள்ளம் தெரிந்ததும் ஈக்வலைசரை 6 டெசிபல் தூக்கக் கை பரபரக்கும். தூக்காதீர்கள். 6 டெசிபல் என்றால் ஆம்ப் அங்கே நான்கு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், பள்ளம் இரண்டு ஒலிகள் அடித்துக்கொள்வதால் வந்தது என்றால் இரண்டும் சேர்ந்து ஏறும், பள்ளம் அப்படியே இருக்கும், ஆம்ப் மட்டும் சூடாகும். போலாரிட்டியை மாற்றிப் பார்த்து, பள்ளம் நிரம்பினால் அது ஃபேஸ். நிரம்பாவிட்டால் இடது வலது கதவுகள் தமக்குள் அடித்துக்கொள்கின்றனவா என்று ஒன்றை நிறுத்திப் பாருங்கள். மேடுகளை வெட்டுவதில் மட்டும் தாராளமாக இருங்கள்.

கடைசிச் சோதனை பாட்டுதான். பாஸ் கிட்டாரின் நான்கு தந்திகள் திறந்த நிலையில் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். நாம் கோடு போட்ட இடம் மூன்றாவது தந்திக்கும் நான்காவதுக்கும் நடுவே. அதனால் கிட்டார் கீழிருந்து மேலே ஏறுகிற ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள், டிரம் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு நோட்டும் ஒரே எடையில், முன்னாலேயே நின்றபடி ஏறினால் வைத்த எண் சரி. ஒரு நோட்டு விழுங்கிப்போனாலோ, ஏறும்போது கிட்டார்காரர் டிக்கியிலிருந்து டேஷ்போர்டுக்கு நடந்து வந்தாலோ இன்னும் வேலை பாக்கி. கிக் டிரம்மில் வேறொன்று தெரியும்: கனம் சப்பிலிருந்தும், அடி கதவிலிருந்தும், மேலே அந்தச் சின்ன டக் ட்வீட்டரிலிருந்தும் வருகின்றன, மூன்றும் ஒரே அடியாகக் கேட்க வேண்டும். டக் கேட்டபிறகு கனம் பின்னால் ஓடிவந்தால் கதவுகளின் தாமதம் போதவில்லை.

இதெல்லாம் நிறுத்திவைத்த காரில். வண்டி ஓடும்போது டயர் சத்தமும் இன்ஜின் சத்தமும் முதலில் விழுங்குவது கீழ்ப்பகுதியைத்தான். நின்றபோது நிறைவாக இருந்த பாஸ் நெடுஞ்சாலையில் காணாமல் போகும். அதனால் ஓட்டும்போதைக்கென்று தனியாக ஒரு ப்ரீசெட் (சேமித்துவைத்த அமைப்பு) வைத்துக்கொள்வது வசதி. அதில் சப்பைச் சில டெசிபல் கூட்டுங்கள், கூடவே, மேலே சொன்ன கணக்குப்படி, லோ-பாஸையும் அதற்கேற்பக் கீழே தள்ளுங்கள். தள்ளிய பிறகு ஃபேஸ் மாறியிருக்கும், அந்த ப்ரீசெட்டுக்கும் பள்ளம் தேடும் வேலையைத் தனியாகச் செய்ய வேண்டும். பழைய தாமதத்தை அப்படியே நகலெடுத்தால் ஒத்துவராது.